பெயர் தாங்கிய மட்கலம்

மண், நீர், தீ ஆகிய மூன்றும் மனிதன் கையில் ஒன்றுகூடப் பிறந்த பொருள் மட்கலம். உலோகத்தை உருக்கக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே மக்கள் களிமண்ணைப் பிசைந்து, கலம் வனைந்து, சுட்டுப் பயன்கொண்டனர். சோறு சமைத்ததும், நீர் சேமித்ததும், தானியம் காத்ததும் மட்கலங்களிலேயாம். இறந்தோரைத் தாழியிலிட்டுப் புதைத்த வழக்கமும் இருந்தது. எனினும், அக்கலங்களை வனைந்தோர் யாவர் என வினவின் விடை கிடைப்பது அரிது. கலம் நிலைத்தது; வனைந்தவர் பெயர் மறைந்தது. அப்பெயர் கலத்தின்மீது எவ்வாறு இடம்பெற்றது என்பதையும், பழங்கலங்களைத் திரட்டுவோர் அதனால் அறிவது யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

சென்னையின் தென்பகுதியில் கடலை ஒட்டி அமைந்தது பெசன்ட் நகர். அங்குள்ள வீடுகள் சிலவற்றில் பாட்டியார் காலத்து ஊறுகாய்ச் சாடி ஒன்று சமையலறை மூலையில் இன்றும் இருத்தல் கூடும். மேற்பாதி தேன் நிறமும் கீழ்ப்பாதி வெண்ணிறமும் கொண்ட அச்சாடியை அறியாதார் இலர். அதன் மூடியைத் திறந்து ஊறுகாய் எடுப்போர் பலர். சாடியைக் கவிழ்த்து அடியைப் பார்ப்போர் சிலரே. பார்ப்பின், செய்த ஊரின் பெயரோ தொழிற்சாலையின் முத்திரையோ அங்கே காணப்படலாம்.

ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் சென்னைத் தோட்ட மாளிகைகளில் வாழ்ந்தோர், தம் நாட்டுத் தட்டுகளையும் பூச்சாடிகளையும் கப்பலில் கொணர்ந்தனர். அவர்கள் நாடு திரும்பியபொழுது அவற்றுட் சில இங்கேயே தங்கிவிட்டன. 1900-ல் திறக்கப்பெற்று 1985-ல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டு, பழைய நூல்களுக்கும் பழம்பொருள்களுக்கும் பேர்பெற்ற இடமாக விளங்கியது. பழம்பொருள் திரட்டுவோர் இன்றும் விரும்பித் தேடும் ஆங்கிலக் கலைமட்கலங்களின் வரலாறு சுவையுடையது.

இங்கிலாந்தில் ஸ்டாபோர்டுஷயர் என்னும் மாவட்டம் மட்கலத் தொழிலுக்குத் தாயகம். அங்கே 1730-ல் குயவர் குடியிற் பிறந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். இளமையில் அம்மை நோயால் தாக்குண்டு, பின்னாளில் ஒரு காலையே இழந்தவர் அவர். எனினும் ஊக்கம் இழந்தாரல்லர். களிமண்ணின் இயல்பையும் தீயின் அளவையும் இடைவிடாது ஆராய்ந்தார். 1759-ல் தனித்தொழில் தொடங்கிய அவர், 1769-ல் எட்ரூரியா என்னும் பெரிய தொழிற்சாலையைத் திறந்தார். மண் பிசைவார் ஒருவர், வனைவார் ஒருவர், வண்ணம் தீட்டுவார் ஒருவர் என வேலையைப் பகுத்தார். கலங்கள் பல்கின, தரம் உயர்ந்தது, உலகெங்கும் விற்பனையாயின. கலத்தின் அடியில் அழுந்தப் பதிந்த பெயரோ முதலாளியின் பெயரே. வனைந்த கைகள் நூற்றுக்கணக்கானவை. அவற்றின் பெயர் வெளியே தெரியவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எந்திரங்கள் பெருகின. ஒரே வடிவமும் ஒரே ஓவியமும் கொண்ட தட்டுகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அவற்றைக் கண்டு சலித்தோர், ஒருவர் தம் கையால் வடிவமைத்து அழகு செய்த கலங்களை நாடலாயினர். இவ்வாறு தோன்றியதே கலைமட்கலம் எனப்படும் வகை.

இலண்டனில் லாம்பெத் என்னும் பகுதியில் டௌல்டன் தொழிற்சாலை இருந்தது. கழிவுநீர்க் குழாய்கள் செய்து பெரும்பொருள் ஈட்டிய நிறுவனம் அது. அக்குழாய்களுக்கு மெருகேற்றும் முறை வியப்பானது. சூளையின் வெப்பம் 1200 பாகையளவில் உள்ளபொழுது உப்பை உள்ளே எறிவர். உப்பு ஆவியாகி, மண்ணிலுள்ள மணற்சத்துடன் கலந்து, கலத்தின்மேல் கண்ணாடிபோற் படியும். நம் ஊர்ப் பானை அதனினும் குறைந்த வெப்பத்தில் வேகுவது. ஆதலின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, உள்ளிருக்கும் நீர் குளிரும். டௌல்டன் கலமோ கல்லைப்போல் இறுகி, ஒரு துளியும் கசியவிடாது.

சாக்கடைக் குழாய் செய்த அதே மண்ணிலும் அதே சூளையிலும் கலை பிறந்தது. ஹென்றி டௌல்டன் அருகிலிருந்த லாம்பெத் கலைப்பள்ளி மாணவர்களைத் தம் தொழிற்சாலையில் அமர்த்தினார். அவருள் ஹன்னா பார்லோ என்னும் பெண்மணி 1871-ல் சேர்ந்தார். ஈரம் உலராத கலத்தின்மீது கூரிய கருவியால் குதிரை, மான், ஆடு முதலியவற்றை உயிரோட்டத்துடன் கீறினார். அவர்தம் தங்கை புளாரன்ஸ் பறவைகளை வரைந்தார். இவர்கள் தம் பெயரின் முதலெழுத்துக்களைப் பின்னிக் கலத்தின் அடியில் குறியாக இட்டனர். தொழிற்சாலையின் முத்திரையோடு தொழில் செய்தவர் குறியும் அங்கே இடம்பெற்றது.

இதன் அருமை அக்காலத்து நிலையை நோக்கின் விளங்கும். பெசன்ட் நகருக்குப் பெயர் தந்த அன்னி பெசன்ட் அம்மையார், இந்தியாவுக்கு வருவதற்கு முன்னர், 1888-ல், இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் பட்ட துன்பத்தை எழுதி உலகறியச் செய்தார். அப்பெண்களுக்குக் கூலி குறைவு, தண்டமோ மிகுதி. தொழிலாளரை எண்ணிக்கையாக மட்டுமே கண்ட அத்தகைய காலத்தில், அதே நகரில் உழைத்த பெண்டிர் சிலர் தம் வேலையில் தம் குறியை இட்டனர் என்பது எளிய செய்தியன்று.

பின்னர் மார்ட்டின் சகோதரர் நால்வர், சௌத்தால் என்னுமிடத்தில் 1877 முதல் தாமே வனைந்து, தாமே சுட்டு, விந்தையான பறவை வடிவச் சாடிகளைப் படைத்தனர். வில்லியம் டி மார்கன் என்பார் பாரசீக நாட்டு வண்ணங்களையும் பொன்போல் மின்னும் மெருகையும் மீட்டெடுத்தார். கலை வளர்ந்தது, பொருள் வளரவில்லை. அவர் தொழில் 1907-ல் முடிவுற்றது. கையால் செய்த பொருள் விலையில் எந்திரப் பொருளோடு போட்டியிட இயலாமை அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

இனி நம் நாட்டை நோக்குவோம். 1850-ல் சென்னையில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். இந்நாட்டுக் களிமண் வகைகளை அவர் ஆராய்ந்தார். மட்கலத் தொழிலும் அங்கே பயிற்றப்பெற்றது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அப்பள்ளியின் வழிவந்ததே. வேலூரை அடுத்த கரிகிரியின் மெருகிட்ட கலங்களும் புகழ்பெற்றவை. ஆயின் அங்கெல்லாம் வனைந்த குயவர் பெயர்கள் நமக்குக் கிடைத்தில. ஊரின் பெயரே கலத்தின் பெயராயிற்று.

தமிழர் கலத்தில் பெயர் எழுத அறியாதவரோ எனின், அற்றன்று. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்னும் பெயர் தமிழ் எழுத்தின் பழைய வடிவத்திற் கீறப்பட்டுள்ளது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ல் நிகழ்ந்த அகழாய்வில், இத்தாலி நாட்டுச் செந்நிறக் கலங்களின் துண்டுகள் கிடைத்தன. அத்தகைய கலங்களில் வனைந்தோர் முத்திரை இடுவது அந்நாட்டு வழக்கம். அக்கலங்களின் காலம் முன்னரே அறியப்பட்டிருந்தமையால், அவற்றுடன் கிடந்த நம் நாட்டுக் கலங்களின் காலமும் தெளிவாயிற்று. உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்று ஒரு நாட்டின் வரலாற்றுக்கே சான்றாதல் காண்க.

ஆதலின் பழங்கலம் திரட்டுவோர் முதலில் நோக்குவது அதன் அடியையே. ஆங்கிலக் கலத்தின் அடியில் சாய்சதுர வடிவப் பதிவுக்குறி காணப்படின், அவ்வடிவம் 1842-க்கும் 1883-க்கும் இடையே பதிவு பெற்றது என அறியலாம். ‘இங்கிலாந்து’ என்னும் பெயர் ஆங்கில எழுத்தில் இருப்பின், பெரும்பாலும் 1891-க்குப் பிற்பட்டதாகும். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என அமெரிக்கச் சட்டம் அப்பொழுது விதித்தமையே காரணம். முத்திரை மட்டும் போதாது, போலிகளும் உண்டு. சந்தையில் பானை வாங்கும் தாய்மார் விரலால் சுண்டிப் பார்ப்பர். மணியோசை எழுந்தால் நற்கலம். ஓசை மழுங்கினால் விரிசல் உண்டு. பீங்கானுக்கும் அச்சோதனை பொருந்தும்.

திரட்டுவோர்க்குக் கடமைகளும் உள. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் தொல்பொருள்கள் எனப்படும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது. மண்ணில் புதைந்த கலம் கிடைப்பின் அரசுக்கு அறிவித்தல் வேண்டும். எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்னும் குறிப்பு இழந்த கலம், பெரும்பாலும் தன் வரலாற்றை இழந்த கலமேயாம். வீட்டுப் பழங்கலத்தையும் அவ்வாறே போற்றுக. யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என முதியோரைக் கேட்டு எழுதி வைத்தல் நன்று. அவர்கள் மறைந்த பின்னர் அச்செய்தியை எந்த விலை கொடுத்தும் பெற இயலாது.

கையால் வனையும் கலை இன்றும் மடிந்துவிடவில்லை. புதுச்சேரியில் 1971-ல் டெபொரா ஸ்மித், ரே மீக்கர் என்னும் அமெரிக்கர் இருவர் கோல்டன் பிரிட்ஜ் மட்கலக்கூடத்தை நிறுவினர். அங்குப் பயின்றோர் பலர் தனிக்கூடங்கள் அமைத்துத் தம் பெயராலேயே அறியப்படுகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நம் தெருமுனையில் பொங்கற் பானையும் அகல்விளக்கும் கொலுப்பொம்மையும் விற்கும் தொழிலாளரின் பெயரை நம்மில் எத்தனைபேர் அறிவோம்? விலையைக் கேட்கும் நாம் பெயரையும் கேட்போமாக. நூறாண்டுக்குப் பின் அக்கலத்தைக் கையில் ஏந்துவோர், மண்ணின் அழகோடு அதனை வனைந்த மனிதரையும் அறிந்து மகிழ்வர்.