பாகூரில் வீடு கட்டினால் எவ்வளவு காற்றுக்குக் கட்டணும்?

வில்லியனூர், பாகூர் பக்கம் வீடு கட்டுறவங்ககிட்ட காற்றைப் பற்றிக் கேட்டால், "புயலெல்லாம் கடலோரத்துக்குத்தான், நாம உள்ள இருக்கோம்" என்பார்கள். கட்டட விதி அப்படிப் பார்ப்பதில்லை.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. அதன் 2015 பதிப்பில் புதுச்சேரிக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். சென்னைக்கும் அதேதான். மதுரை, கோவைக்கு 39. புயலின் தாக்கம் கரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கும் என்றும் அந்த விதி சொல்கிறது. நம்ம இரண்டு கொம்யூனும் அதற்குள் முழுசா அடங்கிவிடும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பண்ருட்டி பக்கம் பலா, முந்திரித் தோப்புகள் சாய்ந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 0.6 ஆல் பெருக்கினால், சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்று வரும். 50க்கு 1500. ஏறக்குறைய 150 கிலோ எடை. 39க்கு 90 கிலோ சொச்சம்தான்.

அடுத்து, சுற்றுப்புறம். வீடுகள் நெருங்கிய ஊருக்குள், 10 மீட்டர் உயரம் வரை, வேகத்தை 0.91 மடங்காகக் குறைத்துக்கொள்ளலாம். அங்கொன்று இங்கொன்றாக மரம் நிற்கும் வயல்வெளியில் அந்தச் சலுகை கிடையாது. கணக்குப் போட்டால், பாகூர் வயலோரத்து வீட்டுக்கு ஊருக்குள் இருக்கும் வீட்டைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல் சுமை!

இதில் ஆபத்து தகர ஷீட் கூரைக்குத்தான். காற்று கூரையை அமுக்குவதைவிட மேலே உறிஞ்சுவதுதான் அதிகம். ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் கூடுதல். நாலு அங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ, தன் எடையாலேயே நிற்கும். தகர ஷீட் ஐந்து கிலோதான். காற்றடிக்கும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து சேர்ந்து தள்ளும்.

அதனால் ஷீட் போடும்போது இரண்டு விஷயம் பாருங்க. ஓரத்திலும் மூலையிலும் போல்ட்டை நெருக்கமாகப் போடச் சொல்லுங்க. ஷீட்டைத் தாங்கும் குறுக்குக் குழாய் சுவரின் மேல் சும்மா உட்காராமல், கான்கிரீட் பெல்ட்டில் பதித்த கம்பியோடு பிடிக்கப்பட்டிருக்கணும். இல்லாவிட்டால் ஷீட் மட்டும் இல்லை, குழாயும் சேர்ந்தே பறக்கும்.