பொய்ப் படமும் குற்றமே!

ஓசூரை ஒட்டி இருக்கிறது மூக்கண்டப்பள்ளி. சிப்காட் ஆலைகள் சூழ்ந்த ஊர். சில மைல் தள்ளிக் கர்நாடக எல்லை. வேலைக்காக வெளியூர்ப் பெண்கள் ஏராளமாக வந்து தங்கும் வட்டாரம் இது.

2025 நவம்பரில் இந்த வட்டாரத்தை ஒரு செய்தி உலுக்கியது. நாகமங்கலத்தில் பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியல் அறையில் ரகசிய கேமரா இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. பெண்கள் கொதித்து எழுந்தார்கள். திரளாகக் கூடிப் போராடினார்கள். விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண் கைதானார். அவருடைய ஆண் நண்பர் வெளிமாநிலத்தில் பிடிபட்டார்.

கேமராவே வேண்டாம்!

ஒளித்து வைத்த கேமராவையாவது தேடிக் கண்டுபிடிக்கலாம். இப்போது கேமராவே தேவை இல்லை. கல்யாண வீட்டில் எடுத்த ஒரு போட்டோ போதும். அந்த முகத்தை வேறு உடலில் ஒட்டி, ஆபாசப் படமாக்கி விடுகிறது கம்ப்யூட்டர். இதற்கு "டீப்பேக்" என்று பெயர்.

"படம் பொய்தானே! என்னை யார் என்ன செய்ய முடியும்?" என்று அயோக்கியர்கள் எண்ணலாம். அது தப்புக் கணக்கு.

இதற்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. பாலியல் செயலைக் காட்டும் படத்தை வெளியிட்டாலும், அனுப்பினாலும் அதன் 67-ஏ பிரிவு பாயும். முதல் முறை 5 ஆண்டு வரை சிறை. 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுமுறை செய்தால் 7 ஆண்டு வரை சிறை. படம் உண்மையா, பொய்யா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வேடிக்கையாக அடுத்தவருக்கு அனுப்புகிறவரும் மாட்டிக் கொள்வார்!

எல்லை தடை அல்ல

"படத்தைப் பரப்பியவன் பெங்களூரில் இருக்கிறானே!" என்று தயங்க வேண்டாம்.

நடிகை ராஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலில் ஒட்டிய வீடியோ, 2023 நவம்பரில் பரவியது. டெல்லி போலீசார் வழக்குப் போட்டார்கள். 2024 ஜனவரியில் ஆந்திராவில் ஒரு வாலிபரைக் கைது செய்தார்கள்.

2024 ஜூலை 1-ந் தேதி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் அமலுக்கு வந்தது. இத்தகைய குற்றம் எங்கே நடந்தாலும், எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது அது. "எங்கள் எல்லை அல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது.

என்ன செய்வது?

பயந்துபோய்ப் படத்தை அழித்து விடாதீர்கள். அதுதான் சாட்சி. அனுப்பியவரின் எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பெற்றோரே! மகள் அழுதுகொண்டு வந்தால், "நீ ஏன் போட்டோ எடுத்தாய்?" என்று கேட்காதீர்கள். அவளோடு போலீஸ் நிலையத்துக்குத் துணையாகப் போங்கள். குற்றம் செய்தவன் வேறு ஒருவன்.