திருத்தும் உரிமை யாருக்கு?

நன்னிலம் வட்டத்தில் ஒரு மா நிலம் கைமாறினாலும் அதன் பட்டா மாறுதல் மனு இன்று ‘தமிழ்நிலம்’ மென்பொருள் வழியாகத்தான் நகர்கிறது. நிலத்தைப் பிரிக்க வேண்டியிருந்தால் நில அளவர் அளந்து உட்பிரிவு போட வேண்டும். ஒப்புதல் தருபவர் வட்டாட்சியர். பிரிக்கத் தேவையில்லாத மனு மண்டலத் துணை வட்டாட்சியரோடு முடிந்துவிடும். நிலத்துக்காரர் தன் வீட்டிலிருந்தே சிட்டாவை இணையத்தில் பார்க்கலாம், பதிவிறக்கலாம். அதில் ஓர் எழுத்தைக்கூட அவரால் மாற்ற முடியாது.

மேசை மேலிருக்கும் கணினி இங்கே வெறும் பார்வைச் சாளரம்தான். ஆவணம் இருப்பது சர்வரில். அலுவலகத்தின் எல்லா வேலைகளையும் இப்படியே சர்வருக்கு மாற்றிவிட்டால், மேசையில் மிஞ்சும் கருவிக்குப் பெயர் தின் கிளையன்ட். கையளவுப் பெட்டி, திரை, விசைப்பலகை, மவுஸ் அவ்வளவே. பெரும்பாலானவற்றில் ஹார்ட் டிஸ்க் இல்லை, சுழலும் மின்விசிறியும் இல்லை. மின்சாரம் மிகக் குறைவாகவே செலவாகும். ஐப்பசி மழையில் கரண்ட் போனால் பெட்டி அணையும். சர்வர் இருக்கும் இடத்தில் மின்சாரம் இருக்கும்வரை பாதியில் நின்ற வேலை அங்கே அப்படியே காத்திருக்கும்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. சென்னையில் ராஜேஷ் ஜெயினும் ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சேர்ந்து உருவாக்கிய நோவேடியம் நிறுவனம், வீடுகளுக்கான மலிவான ‘நெட்பிசி’யைக் கொண்டுவந்தது. 2008-ல் ஆந்திர அரசு 5,000 பள்ளிகளில் ஒரே கணினியைப் பல மாணவர் பகிரும் என்கம்ப்யூட்டிங் கருவிகளை நிறுவ முடிவெடுத்தது.

சிக்கனம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. தனித்தனிக் கணினியில் ஒருவர் தவறு செய்தால் கெடுவது அவருடைய கணினி. இருபது பேர் ஒரே சர்வருக்குள் உட்கார்ந்திருக்கும்போது, ஒருவருக்குத் தவறிக் கொடுத்த உரிமை மற்ற பத்தொன்பது பேரின் கோப்புகளையும் திறந்துவிடும். டெல்டாக்காரர்களுக்கு இது உடனே புரியும்: தன் வயல் வாய்மடையை வெட்டிவிட விவசாயிக்கு உரிமை உண்டு, ஆற்று ரெகுலேட்டரின் ஷட்டரைத் தூக்குவது நீர்வளத் துறை லஸ்கரின் வேலை, அதுவும் மேலதிகாரி சொன்ன பிறகுதான்.

லினக்ஸ் சர்வரில் இந்தப் பிரிவினை மூன்று எண்களில் அடங்கிவிடுகிறது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. ஒரு கோப்புறைக்கு 750 என்று கொடுத்தால், உரியவருக்கு மூன்றும் சேர்த்து 7, அவர் பிரிவைச் சேர்ந்தவர்களுக்குத் திறந்து படிக்க மட்டும் 5, மற்றவர்களுக்குப் பூஜ்யம். அவசரத்தில் 777 என்று தட்டிவிட்டால் சர்வரில் லாகின் உள்ள யாரும் அதில் கைவைக்கலாம். விண்டோஸ் சர்வரில் தவறு வேறு வழியில் வரும். ஊழியர் ஒருவருக்குப் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். பழுது பார்க்க வந்தவர் காரணம் தேடாமல் அவரை ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவில் சேர்த்துவிடுகிறார். பிரிண்ட் வந்துவிடுகிறது, எல்லோருக்கும் நிம்மதி. அந்த ஊழியரின் லாகின் இனி மென்பொருளை நிறுவலாம், அழிக்கலாம், அடுத்தவர் கணக்கையும் மாற்றலாம். ‘ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்’ குழுவில் வைத்தபடியே பிரிண்டருக்கு மட்டும் அனுமதி தந்திருந்தால் போதும்.

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்த முதல் காலத்திலேயே இந்தத் தொல்லை தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ குழு 1961-ல் இயக்கிக் காட்டிய சிடிஎஸ்எஸ் அமைப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்வேர்டும் அளந்து கொடுத்த நேரமும் உண்டு. நேரம் போதாத ஆய்வு மாணவர் ஆலன் ஷெர், 1962-ல் பாஸ்வேர்டு கோப்பை அச்சடிக்கும்படி ஒரு துளை அட்டையில் கோரிக்கை போட்டார். கணினியும் அச்சடித்துக் கொடுத்தது.

1966-ல் நடந்தது இன்னும் கடுமை. நிர்வாகிகள் இருவர் ஒரே கோப்புறையில் ஒரே நேரத்தில் வேலை பார்த்தார்கள். ஒருவர் திருத்தியது வரவேற்புச் செய்தியை, மற்றவர் திருத்தியது பாஸ்வேர்டு பட்டியலை. எடிட்டர் நிரலோ, ஒரு கோப்புறையில் ஒருவர்தான் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்டது. இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உண்டாக்கியது. இரண்டும் இடம் மாறின. அதன்பின் லாகின் செய்த ஒவ்வொருவர் முன்னாலும் எல்லோருடைய பாஸ்வேர்டும் வரிசையாக வந்து நின்றது. அதே எம்ஐடியின் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-ல் வெளியிட்ட கட்டுரை, ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமை மட்டுமே தரப்பட வேண்டும் என்பதை அடிப்படை விதிகளுள் ஒன்றாக வைத்தது.

நம் அலுவலகங்களில் இந்த விதியை உடைப்பது பெரும்பாலும் கெட்ட எண்ணம் அல்ல, உதவும் மனசு. “சார் லீவு, அவர் பாஸ்வேர்டைப் போட்டுப் பாரு தம்பி” என்ற ஒரு வார்த்தை போதும். பதிவு செய்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் ஒருவர் என்று பிரித்து வைத்த மூன்று படிகளும் ஒரே நாற்காலிக்கு வந்துவிடும். பிற்பாடு ஒரு சர்வே எண்ணில் பெயர் மாறியிருந்தால், விடுப்பில் இருந்தவர் திருத்தியதாகத்தான் சர்வரின் பதிவேடு சொல்லும். அரைக்காணி வைத்திருப்பவர் அந்தப் பதிவேட்டை எதிர்த்துத் தன் நிலத்தை நிரூபிக்க வேண்டிவரும்.

எனவே விடுப்பில் போகிறவரின் பொறுப்பை, தேதி குறித்து, வேறொருவரின் சொந்த லாகினுக்கே மாற்ற வேண்டும். பயன்படுத்தாத திரை சில நிமிடங்களில் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். பென் டிரைவ் துளையைத் தேவைப்படும் இருக்கைக்கு மட்டும் திறந்தால் போதும். மாறுதலாகிப் போகிறவரின் லாகினை, அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படும் அன்று மாலைக்குள் முடக்கிவிட வேண்டும்.