நம் பிள்ளைகளை யாரிடம் ஒப்படைக்கிறோம்?



பொதுத்தேர்வு முடிவுகள் வந்ததும் பெற்றோர் பலர் பங்கு இல்லத்துக்கு வருகிறார்கள். "சாமி, பிள்ளைய எதுல சேர்க்கலாம்?" என்று கேட்கிறார்கள். அருகில் நிற்கும் பிள்ளையிடம் கேட்டால், "தெரியல சாமி" என்கிறது. அது பிள்ளையின் குற்றமா? ஒரு மரப்பட்டறையையோ, மருத்துவமனை ஆய்வகத்தையோ உள்ளே போய்ப் பார்க்க நாம் வழி செய்தோமா?

ஒருமுறை முயன்றோம். விடுமுறையில் தொழில் பழக விரும்பிய ஒரு மாணவனைத் தொலைபேசியில் சொல்லி ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டோம். போய்ப் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவன் சொன்னான்: "டீ வாங்கிட்டு வரத்தான் சாமி கத்துக்கிட்டேன்." முதலாளியைக் குறை சொல்லத் தோன்றியது. ஆனால் தவறு நம்முடையது.

புனித தொன் போஸ்கோ வேறுவிதமாகச் செய்தார். சிறுவயதில் தாமே தையலும் கொல்லுத் தொழிலும் பழகியவர் அவர். 1841இல் குருவான பின், இத்தாலியின் தூரின் நகருக்குப் பிழைப்புத் தேடி வந்த சிறுவர்களை வேலைத்தளங்களுக்கே சென்று சந்தித்தார். நல்ல முதலாளிகளைத் தேடிச் சிறுவர்களைச் சேர்த்தார். வாய்ப்பேச்சோடு விட்டுவிடாமல் ஒப்பந்தம் எழுதினார்.

1852 பிப்ரவரியில் ஒரு தச்சரோடு செய்த ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. தச்சர் தம் தொழிலைக் கற்றுத்தர வேண்டும். தவறினால் சொல்லால் மட்டுமே திருத்த வேண்டும். கூலி தர வேண்டும். ஞாயிறும் ஆண்டுக்குப் பதினைந்து நாளும் விடுப்புத் தர வேண்டும். சிறுவனும் உழைப்பையும் பணிவையும் வாக்களித்தான். அவன் தந்தை பொறுப்பேற்றார். அவன் நன்னடத்தைக்குத் துணைநிற்பதாகத் தொன் போஸ்கோவும் ஒப்புக்கொண்டார். முதலாளி, பிள்ளை, பெற்றோர், வழிகாட்டி என நால்வரும் பொறுப்பேற்றதுதான் அதன் பலம்.

நம் பங்கிலும் தையற்காரர், மின்பணியாளர், செவிலியர், கணக்கர், கடை நடத்துவோர் இருக்கிறார்கள். விடுமுறையில் சில நாள்கள் நம் பிள்ளைகள் அவர்கள் அருகிலிருந்து பார்க்கட்டும், கேட்கட்டும். இது கூலியில்லா வேலையாகிவிடக் கூடாது. பதினெட்டு வயது நிறையாதவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தச் சட்டமும் இடம் தருவதில்லை. எந்த நேரம், என்ன கற்பார், யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரும் கையெழுத்திடட்டும். பங்கிலிருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவரட்டும். முடிந்ததும் பிள்ளையை உட்காரவைத்து, "எது பிடித்தது? எது பிடிக்கவில்லை?" என்று கேட்போம். 'இந்த வேலை எனக்கு ஒத்துவராது' என்று தெரிந்துகொள்வதும் பயன்தான்.

நாசரேத்து மக்கள் இயேசுவைத் தச்சர் என்றே அறிந்திருந்தார்கள் (மாற் 6:3). யோசேப்பின் அருகிலிருந்து அவர் அத்தொழிலைக் கற்றார் என்பது நம் மரபு. நம் பிள்ளைகளுக்கும் அப்படி அருகிலிருந்து கற்றுத்தர ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருக்க முன்வருபவர்கள் திருப்பலிக்குப் பின் நம்மைச் சந்தியுங்கள்.

இறைவன் நம் பிள்ளைகளின் கைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.