வீதியின் மீது எழுதப்படும் ஒளி

நூலொன்றின் உருவத்தை ஆராய்பவர் அது எத்தகைய வாசகரை முன்னிறுத்தி எழுதப்பட்டதென்று கேட்பது வழக்கம். கருவிகளிடமும் இக்கேள்வியைக் கேட்கலாம். சாரதியின் கண்ணெதிரே, முகப்புக் கண்ணாடிக்கு அப்பால், வேகத்தையும் வழியையும் ஒளியால் எழுதிக்காட்டும் தலைநிமிர் காட்சிக்கருவி எத்தகைய வீதியை முன்னிறுத்தி அமைக்கப்பட்டது? இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலவின் தோட்டப் பாதைகளை மனத்திற்கொண்டு இவ்வினாவை நாம் எழுப்புகிறோம். முதலிற் கருவியின் ஒளியியலைத் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

இக்கருவியின் மூலம் போர்த்தளவாடமே. டப்ளின் நகரத்து ஹவார்ட் கிரப் 1900இல் வடிவமைத்த துப்பாக்கிக் குறிகாட்டியின் வழிவந்தது அது. போர் விமானங்களில் வளர்ந்து, 1988இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் காருக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவின் தேஜஸ் விமானத்திற்கான கருவியைச் சண்டிகரிலுள்ள மத்திய அறிவியற் கருவிகள் நிறுவனம் உருவாக்கியது. வேகத்தை மட்டும் காட்டும் எளிய வடிவம் யப்பானியக் கார்கள் சிலவற்றிலும் உண்டு.

இயங்குமுறை கடினமானதன்று. கருவிப்பலகையின் உள்ளே பிரகாசமான சிறு திரையொன்று உள்ளது. அதன் ஒளி குழிவாடியிற் பட்டு, முகப்புக் கண்ணாடியில் ஓரளவு தெறித்துக் கண்ணை அடைகிறது. கண் காண்பதோ, ஏறத்தாழ இரண்டு மீற்றருக்கு அப்பால் மிதக்கும் மாயவிம்பத்தை. வேகத்தைக் காட்ட இது போதும். வளைவில் திரும்பவேண்டிய இடத்தின் மீதே அம்புக்குறியைப் பொருத்த முயலும்போது, அதாவது மிகைமெய்க் காட்சி எனப்படும் நிலையில், இது போதாது. 25 மீற்றர் தொலைவிலுள்ள ஓரிடத்தின் மீது குறி பொருந்தியிருக்கிறதெனக் கொள்வோம். விம்பம் 2.5 மீற்றரில் இருப்பின், சாரதி தலையை 5 சென்ரிமீற்றர் அசைத்ததும் குறி அவ்விடத்தைவிட்டு 45 சென்ரிமீற்றர் விலகிவிடும். விம்பம் 10 மீற்றரில் இருப்பின் விலகல் 7.5 சென்ரிமீற்றர் மாத்திரமே. 2020இல் வெளிவந்த மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் காரில் விம்பம் ஏறத்தாழ 10 மீற்றர் தொலைவில் அமைக்கப்பட்டமைக்குரிய நியாயம் இதிலிருந்து புலப்படும்.

கருவியின் பருமனே அடுத்த சிக்கல். கண் அசையக்கூடிய பரப்பு 13 சென்ரிமீற்றர் அகலம், காட்சியின் அகலக் கோணம் 10 பாகை, ஒளிவழியே கண்ணிலிருந்து ஆடிக்குள்ள தூரம் ஒரு மீற்றர் எனக் கொண்டால், ஆடி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் அகலமாதல் தவிர்க்கவியலாதது. இதனை எந்த வடிவமைப்பாளரின் சாமர்த்தியமும் மாற்றாது. பரப்பையும் கோணத்தையும் பெருக்கிவரும் அளவை ஒளி இலவசமாகக் கூட்டித் தருவதில்லை. கருவிப்பலகையினுள்ளோ திருப்புத்தண்டும் குளிரூட்டியும் இடத்தை ஏற்கெனவே பிடித்துக்கொண்டுள்ளன.

சிறிதாக்க வழிகள் உண்டு. ஆடிகளால் ஒளிப்பாதையை மடிக்கலாம். ஆயின் பெரிய ஆடி பெரிதாகவே இருக்கும். அலைவழித்தகடு எனும் மெல்லிய கண்ணாடித் தகட்டைப் பயன்படுத்தல் மற்றொன்று. சிறிய ஒளிக்கற்றை அதனுள் நுழைந்து, முழுவுட்டெறிப்பால் மீண்டும் மீண்டும் தெறித்துச் செல்லும். வழியிலுள்ள நுண்கோடுகள் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கினை வெளியேற்றும். இவ்வாறு ஒரே கற்றை பல பிரதிகளாகிக் கண்ணுக்குரிய பரப்பை நிரப்பும்.

முழுவுட்டெறிப்பு இரத்தினபுரிக்குப் புதிதன்று. நீலக்கல்லின் முறிவுச்சுட்டி 1.77, ஆகவே அதன் அவதிக்கோணம் ஏறத்தாழ 34 பாகை. கல்லின் அடிப்பக்க முகங்களைச் சரிவு குறைத்துப் பட்டை தீட்டினால் ஒளி கீழே ஒழுகி, நடுவில் வெறுங்கண்ணாடி போன்ற ஒரு சாளரம் தோன்றும். பட்டை தீட்டுபவர் சூத்திரமின்றியே இதனை அறிவார். அவ்வறிவு பாடநூலில் ஏறாமைக்கு அறிவின் குறைபாடு காரணமன்று. கையுழைப்பையும் எழுத்தையும் வேறுவேறு வர்க்கத்தாரிடம் ஒப்படைத்த சமூக அமைப்பே காரணம்.

சுருக்கத்திற்கு விலையுண்டு. அலைவழித்தகட்டில் ஒளியின் பெரும்பகுதி வீணாவதால் மூல ஒளி வலிமையானதாய் இருத்தல் வேண்டும். அது வெப்பத்தைப் பெருக்கும். குழிவாடி அமைப்பிலோ வெளியிலிருந்து நுழையும் வெயிலை அதே ஆடி சிறு திரைமேற் குவித்துச் சுட்டுவிடக்கூடும். விம்பத்தைத் தொலைவிற் செலுத்தச் செலுத்த இவ்வபாயம் மிகும். முகப்புக் கண்ணாடியின் அகப்புற மேற்பரப்புகள் இரண்டும் தெறிப்பதால் எழுத்து இரட்டையாகத் தோன்றும். இதனைத் தவிர்க்க, கண்ணாடித் தகடுகளின் இடையிலுள்ள படலம் மேலே தடித்தும் கீழே மெலிந்தும் ஆப்பு வடிவில் ஆக்கப்படுகிறது. உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகச் சாதாரணக் கண்ணாடியைப் பொருத்தினால் இலக்கங்கள் இரட்டித்துத் தெரியும், குற்றம் கருவியினுடையதன்று.

இனி வீதிக்கு வருவோம். அம்புக்குறி பொருந்துவதற்குக் கோடுகளைக் காணும் ஒளிப்படக்கருவியும் துல்லியமான வரைபடமும் தேவை. கோடிடப்பட்டு, அளக்கப்பட்டு, அரசாற் பேணப்படும் வீதியையே இக்கருவி முன்னிறுத்துகிறது. தோட்டப் பாதைகளின் வரலாறோ வேறு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், அச்சபைகள் தம் நிதியைத் தோட்டங்களுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பொதுநிதி எட்டாதிருந்த பாதையில், நிறுவனங்கள் விளம்பரப்படுத்தும் ஒளிக்கோடு எதன்மீது படியும்? வேகத்தை மட்டும் காட்டும் பழைய எளிய வடிவமே இங்கு நேர்மையானது என்பது நமது கருத்து.

மற்றொன்றும் மனங்கொள்ளத்தக்கது. நாசா நிறுவனம் 1980இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பாவனை விமானத்தை இக்கருவியின் துணையோடு தரையிறக்கிய விமானிகளுட் சிலர் ஓடுபாதையிற் குறுக்கே நின்ற மற்றொரு விமானத்தைக் காணவில்லை. அவர்கள் பார்வை ஒளியெழுத்தில் தங்கிவிட்டது. நிவித்திகலவில் மாலை வேளை தேயிலைக் கொழுந்தையோ இறப்பர்ப் பாலையோ நிறுத்துக் கொடுத்துவிட்டு லயன்களுக்குத் திரும்புவோர் நடைபாதையின்மையால் வீதியோரமாகவே நடக்கின்றனர். இயந்திரம் இனங்கண்டவரைச் சுற்றிச் சட்டமொன்று ஒளிரும். அது இனங்காணாதவர், அச்சட்டத்தின் பிரகாசத்திற்கு அருகே, முன்னிலும் மங்கலாகவே சாரதிக்குத் தெரிவார்.