நாலு வழிச்சாலைக்கு அடியில்

திருமங்கலம் தாண்டி விருதுநகர் போகிற பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு கேள்வி வரும். சுற்றிலும் தட்டையான கரிசல் காடு. ரோடு மட்டும் ஏன் மேடாகப் போகிறது? டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இதை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

இது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கி.மீ.க்கு மேல் ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44. 2010-இல் எண்களை மாற்றும்வரை நம் பக்கத்தில் 7-ஆம் எண் சாலை. ஓசூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று இறங்குகிறது. மதுரைக்குள் வராமல் மேற்கே ஒதுங்கி வைகையைக் கடந்து, கப்பலூர் வழியாகத் தெற்கே போகிறது.

சாலை போவது வடக்கு தெற்காக. தண்ணீர் போவது மேற்கிலிருந்து கிழக்கே. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. மதுரைச் சமவெளி மலைப் பக்கம் உயர்ந்து கடல் பக்கம் மெல்லச் சரிகிற நிலம். நடக்கிற நமக்கு அந்தச் சரிவு தெரியாது. ஆனால் வைகை, திருமங்கலத்தில் குண்டாறு, சாத்தூரில் வைப்பாறு, கங்கைகொண்டானில் சிற்றாறு, நெல்லையில் தாமிரபரணி என்று எல்லாமே அந்தச் சரிவில் வந்து சாலையைக் குறுக்கே கடக்கின்றன. ஆறு கண்ணுக்குத் தெரியும், அதனால் அதற்குப் பெரிய பாலம் கட்டிவிடுவார்கள். கவனம் தப்பிப் போவது கண்மாய்த் தண்ணீர்.

நம் கண்மாய்கள் ஒன்றையொன்று நம்பி இருப்பவை. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. நடுவில் ஓடும் வரத்துக்கால் பல இடங்களில் வேலிக்கருவை மண்டிய பள்ளம் மாதிரிதான் இருக்கும்; வருஷத்தில் சில நாள்தான் தண்ணீர் பார்க்கும். அதன் குறுக்கே மண்ணை உயர்த்திச் சாலை போட்டால், அந்தச் சாலை மடை இல்லாத கண்மாய்க்கரை ஆகிவிடும். மேல்பக்கம் பயிர் மூழ்கும், கீழ்பக்கம் கண்மாய் காயும்.

அப்படியானால் உயர்த்தாமலே போட்டிருக்கலாமே என்பீர்கள். பழைய சாலைகள் அப்படித்தான் இருந்தன. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பெயரால் தென்மாவட்டங்களில் பழைய தடங்களை இன்றும் மங்கம்மாள் சாலை என்கிறார்கள். நிலத்தோடு நிலமாகப் போய், ஓடை வந்தால் இறங்கி ஏறுகிற தடங்கள் அவை. பின்னால் வந்த தரைப்பாலமும் அதே மாதிரிதான். வெள்ளம் மேலே போகும், வடியும்வரை வண்டி நிற்கும். மாட்டு வண்டிக்கு அது பொருந்தியது. தங்குவதற்குச் சத்திரமும் இருந்தது. லாரியும் ஆம்புலன்ஸும் வேகமாக ஓடும் சாலையில் அப்படி நிறுத்த முடியாது. அதனால் வெள்ள மட்டத்துக்கு மேலே சாலையைத் தூக்குகிறார்கள். எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவுக்கு அடியில் வழி விட்டாக வேண்டும்.

அந்த வழிதான் சிறுபாலம். 6 மீட்டர் நீளம் வரை இருந்தால் சிறுபாலம், அதற்கு மேல் 60 மீட்டர் வரை சிறிய பாலம், அதையும் தாண்டினால் பெரிய பாலம் என்பது பொறியாளர்களின் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. கைப்பிடிச் சுவரில் 45/3 என்று எழுதியிருந்தால், 45-ஆவது கிலோமீட்டரில் மூன்றாவது என்று பொருள்.

சிறுபாலம் அடைபடுவதை விவசாயியின் பிரச்சினை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதனால்தான் கரிசலில் சாலை போடும்போது வேறு இடத்துக் கிராவல் மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மேடாக்குகிறார்கள். சிறுபாலம் அடைத்து ஒரு பக்கம் தண்ணீர் கட்டிக்கொண்டால், ஈரம் அடிமண்ணுக்கு இறங்கும். மண் உப்பும், பிறகு இறங்கும். மேலே தார் அலை அலையாக நெளியும். அதைச் சுரண்டி மறுபடி தார் போட்டாலும் அடுத்த மழையில் அதே இடம் நெளியத்தான் செய்யும்; நோய் கீழே இருக்கிறது.

2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் பக்கம் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போக, திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு வழியில் நின்றது. அப்படிப்பட்ட மழைக்கு எந்தப் பாலக் கணக்கும் போதாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே சாலையோரம் தண்ணீர் தேங்குவதற்கு அந்தச் சமாதானம் செல்லாது. பெரும்பாலும் அங்கே மெயின் ரோட்டுச் சிறுபாலம் அகலமாகத்தான் இருக்கும். பக்கத்து சர்வீஸ் ரோட்டுக்கு அடியில் சின்னக் குழாய் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் கடைக்கும் ஓட்டலுக்கும் வண்டி இறங்க, ஓரக் கால்வாயை மண் போட்டு மூடியிருப்பார்கள். பழைய கட்டடம் இடித்த குப்பையைக் கொட்டுவதும் சிறுபாலத்தின் வாயில்தான்.

எந்தக் குழாய் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று, கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் ஊர் நீர்பாய்ச்சிக்குத் தெரியும். புரட்டாசிக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு சாலையின் இரு பக்கமும் நடந்து பாருங்கள். மேல் வாய் திறந்திருந்து கீழ் வாய் அடைத்திருந்தாலும் பயனில்லை, இரண்டையும் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் சுவரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033-க்குப் பேசுங்கள். ‘திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு பாலம்’ என்றால் யாரும் தேடிக்கொண்டு வரமாட்டார்கள். எண்ணைச் சொன்னால் எந்த இடம் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.