நகலெடுக்க முடியவில்லை என்கிறதா கணினி? நல்லதுதான்!

மாணவர்களே, பள்ளி முடிந்த ஒரு பிற்பகலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணினிக் கழக அறையில் நீங்கள் நான்கு பேர் இருக்கிறீர்கள். மூலையில் ஒரு பழைய விண்டோஸ் கணினி. கழக உறுப்பினர்கள் தங்களுக்குள் கடிதம் அனுப்பிக்கொள்ள அதில் ஒரு மின்னஞ்சல் சேவையகம் ஓடுகிறது. மெயில் சர்வர் என்றால் உடனே புரியும். சென்ற ஆண்டு மூத்த மாணவர்கள் நிறுவியது அது. அதன்மேல் புதிய பதிப்பை ஏற்றும் பொறுப்பை ஆசிரியர் உங்களிடம் கொடுத்திருக்கிறார்.

நிறுவும் பணி தொடங்குகிறது. பச்சைக் கோடு நகர்ந்துகொண்டே போகிறது. 72 விழுக்காட்டில் சட்டென்று நின்றுவிடுகிறது. ஒரு பெட்டி தோன்றுகிறது: “கோப்பை நகலெடுக்க முடியவில்லை. குறியீட்டு எண் 5. அனுமதி மறுக்கப்பட்டது.” அதன் கீழே மூன்று பொத்தான்கள்: ‘மீண்டும் முயல்’, ‘தவிர்’, ‘கைவிடு’.

பேருந்து வர இன்னும் 20 நிமிடம்தான் இருக்கிறது. எதை அழுத்துவீர்கள்?

முதலில் ‘மீண்டும் முயல்’ பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்ப்போம். அதே பெட்டி திரும்பத் திரும்ப வரும். பிறகு நம் விரல் ‘தவிர்’ பக்கம் போகும். “இத்தனை கோப்புகளில் ஒன்றுதானே, போனால் போகட்டும்” என்று தோன்றும். அந்த ஒரு சொடுக்கில் என்ன ஆபத்து இருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

நகலெடுக்கும்போது என்ன நடக்கிறது?

மென்பொருளை நிறுவுவது பெரும்பாலும் நகலெடுக்கும் வேலைதான். ஒரு பொட்டலத்துக்குள் சுருக்கி வைத்த கோப்புகளை விரித்து, வன்தட்டில் உரிய இடங்களில் எழுத வேண்டும். அப்படி எழுதும்போது நான்கு இடங்களில் தடை வரலாம்.

நண்பரின் குறிப்பேட்டைப் பார்த்து உங்கள் குறிப்பேட்டில் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். உங்கள் குறிப்பேடு ஆசிரியரின் அலமாரியில் பூட்டியிருக்கலாம். அல்லது அதை வேறொருவர் கையில் வைத்துக்கொண்டிருக்கலாம். நண்பரின் பக்கத்தில் மை கொட்டி எழுத்து தெரியாமல் போயிருக்கலாம். உங்கள் குறிப்பேட்டில் தாள் தீர்ந்திருக்கலாம். நான்கிலும் வேலை நின்றுவிடும். ஆனால், நான்குக்கும் தீர்வு வேறு வேறு. எது நடந்தது என்று தெரியாமல் திரும்பத் திரும்ப முயன்று பயனில்லை.

எண்ணைப் படியுங்கள்

விண்டோஸ் இந்த நான்கு தடைகளுக்கும் தனித்தனி எண் வைத்திருக்கிறது. பெட்டியை மூடுவதற்கு முன் அந்த எண்ணையும், எந்தக் கோப்பில் பணி நின்றது என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எண் 5 என்றால் அனுமதி இல்லை. பூட்டிய அலமாரி இதுதான். நிறுவும் நிரலை நிர்வாகி உரிமையோடு இயக்கினோமா என்று பார்க்க வேண்டும். நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் அந்தக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எண் 32 என்றால் கோப்பு வேறொரு நிரலின் கையில் இருக்கிறது. மின்னஞ்சல் சேவையகத்தில் இது அடிக்கடி நடக்கும். சாதாரண நிரலைப்போல் அது திரையில் சன்னல் திறந்து நிற்பதில்லை. கணினி தொடங்கியவுடன் தானாகவே எழுந்து பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். இப்படி ஓடுவதை விண்டோஸ் ‘சேவை’ என்கிறது. பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்பை எப்படி மாற்ற முடியும்? சேவைகளின் பட்டியலைத் திறந்து முதலில் அதை நிறுத்த வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை அழிக்க முயன்றால், விண்டோஸ் 32 என்று சொல்லாமல் 5 என்றும் சொல்லலாம். அதனால் 5 வந்தவுடன் கடவுச்சொல்லைத் தேடி ஓடாதீர்கள். பழைய சேவையகம் இன்னும் உறங்கவில்லையோ என்று முதலில் பாருங்கள். நம் கதையில் பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

எண் 112 என்றால் வன்தட்டில் இடம் இல்லை. சுருக்கிய பொட்டலம் விரியும்போது பெரிதாகும். தற்காலிகக் கோப்புகளுக்கும் இடம் வேண்டும். ஓராண்டாகச் சேர்ந்த கடிதங்களும் இணைப்புப் படங்களும் ஏற்கெனவே இடத்தை நிரப்பியிருக்கலாம்.

எண் 23 சற்று வேறு மாதிரி. மூலத்தைப் படிக்க முடிந்தது, ஆனால் படித்தது சரியில்லை என்று அது சொல்கிறது. கீறல் விழுந்த குறுந்தட்டு, தேய்ந்துபோன விரலி, சாகும் நிலையிலுள்ள வன்தட்டு ஆகியவற்றில் இது வரும்.

படித்தது தவறு என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி இது. சரியான விடை எது என்று தெரியாமலேயே தவறு நடந்திருப்பதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? உங்கள் பையிலுள்ள புத்தகத்தை எடுங்கள். பின்னட்டையில் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் இருக்கும். எடுத்துக்காட்டாக 9780306406157 என்று வைத்துக்கொள்வோம். முதல் இலக்கத்தை 1ஆல், அடுத்ததை 3ஆல், மறுபடியும் 1ஆல் என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டுங்கள். இந்த எண்ணுக்கு 100 வரும். சரியான எந்த ஐஎஸ்பிஎன் எண்ணுக்கும் கூட்டுத்தொகை 10ஆல் மீதமின்றி வகுபடும். கடைசி இலக்கத்தை அதற்காகவே சேர்த்திருக்கிறார்கள். எந்த இலக்கத்தையாவது மாற்றிப் பாருங்கள். உடனே மீதம் வரும்.

ஆனால், இந்தச் சோதனையை ஏமாற்றவும் முடியும். அதே எண்ணின் 10ஆவது, 11ஆவது இலக்கங்கள் 6, 1. அவற்றை இடம் மாற்றி 1, 6 என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். 90 வருகிறது. அதுவும் 10ஆல் வகுபடுகிறது! தவறு நடந்தும் சோதனை ‘சரி’ என்கிறது.

அதனால்தான் கணினிக்கு இன்னும் வலுவான சோதனைகள் தேவைப்பட்டன. கோப்பிலுள்ள 0, 1 எல்லாவற்றையும் ஒரே நீண்ட எண்ணாகக் கருதி, ஒரு சிறப்பு வகுத்தல் முறையால் வகுத்து, மீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. வெஸ்லி பீட்டர்சன் என்னும் அமெரிக்க அறிஞர் அதை 1961ஆம் ஆண்டில் விளக்கினார். சி.ஆர்.சி. என்று அழைக்கப்படும் அந்த முறை ஜிப் கோப்புகளிலும் உங்கள் வீட்டு இணையக் கம்பிவடத்தில் ஓடும் தரவிலும் இன்றும் வேலை செய்கிறது. அங்கே 32 பிட் நீளமுள்ள மீதத்தைப் பயன்படுத்துகிறார்கள். சேமிப்புக் கருவிகளும் ஒவ்வொரு தரவுத் துண்டுடனும் சரிபார்ப்புத் தகவலைச் சேர்த்தே எழுதுகின்றன. படிக்கும்போது அது பொருந்தாமல், திருத்தவும் முடியாமல் போனால் 23 என்று உங்களிடம் சொல்லப்படுகிறது.

‘திருத்தவும்’ என்றோமே, அதற்கும் ஒரு கதை உண்டு. 1947ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹேமிங் என்ற கணித அறிஞர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றினார். வார இறுதியில் ஆளில்லாமல் ஓடும்படி கணினியிடம் வேலையைக் கொடுத்துவிட்டுப் போவார். பிழை ஒன்று கண்டால் அந்தக் கணினி அவருடைய வேலையை விட்டுவிட்டு அடுத்தவர் வேலைக்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு வார இறுதிகள் அவருக்கு இப்படி வீணாயின. பிழை இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரிகிறதே, எங்கே இருக்கிறது என்று ஏன் தெரியக்கூடாது என்று எரிச்சலோடு யோசித்தார். அந்த யோசனையில் பிறந்த பிழைதிருத்தக் குறியீட்டை 1950இல் வெளியிட்டார். ஒரு பிழைச் செய்தியைப் புறக்கணிக்காமல் அதைக் கேள்வியாக மாற்றியதால் வந்த பலன் அது.

‘தவிர்’ ஏன் கூடாது?

இப்போது நம் பெட்டிக்குத் திரும்புவோம். ‘தவிர்’ அழுத்தினால் என்ன ஆகும்? மற்றக் கோப்புகள் புதிய பதிப்பாகவும், அந்த ஒன்று மட்டும் பழையதாகவும் இருக்கும். பச்சைக் கோடு 100ஐத் தொடும். ‘வெற்றி’ என்றுகூடக் காட்டலாம். ஆனால், மூன்று நாள் கழித்து யாரோ ஒருவர் பெரிய படத்தை இணைத்து அனுப்பும்போது, அந்தப் பழைய கோப்பு தேவைப்படலாம். சேவையகம் அங்கே சரியலாம்.

கணித விளையாட்டு ஒன்று இப்படிக் கெட்டால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். மின்னஞ்சல் சேவையகம் அப்படியல்ல. அது பிறருடைய கடிதங்களை வைத்திருக்கிறது. மின்னஞ்சல் பரிமாற்ற விதிமுறையான எஸ்.எம்.டி.பி.யை ஜான் போஸ்டல் 1982இல் எழுதி வெளியிட்டார். அதன்படி, கடிதத்தைப் பெற்றுக்கொண்ட சேவையகம் 250 என்ற எண்ணைப் பதிலாக அனுப்பும். “பெற்றுக்கொண்டேன், இனி என் பொறுப்பு” என்பது அதன் பொருள். அந்தப் பதில் கிடைத்ததும் அனுப்பிய சேவையகம் தன்னிடமுள்ள நகலை நீக்கிவிடலாம்.

சேவையகம் முழுதாக நின்றுபோயிருந்தால் என்ன ஆகும்? 250 வராது. எனவே அனுப்பும் சேவையகம் கடிதத்தைத் தன் வரிசையிலேயே வைத்துக்கொண்டு அவ்வப்போது மீண்டும் முயலும். குறைந்தது நான்கைந்து நாள்களாவது முயன்று பார்க்க வேண்டும் என்பதே விதிமுறையின் பரிந்துரை. ஆக, நின்ற சேவையகத்தால் கடிதம் தாமதமாகும். அரைகுறையாக ஓடும் சேவையகமோ 250 என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைத் தொலைத்துவிடலாம். அனுப்பியவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

தொடங்கும் முன்பே, பழைய கடிதங்களையும் அமைப்புகளையும் வேறொரு வன்தட்டில் நகலெடுத்து வையுங்கள். அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் ‘கைவிடு’ அழுத்தினால் பழைய பதிப்பு முழுதாகத் திரும்பிவிடும் என்று நம்ப முடியாது.

அடுத்து, பதிவிறக்கிய பொட்டலம் கெடாமல் வந்ததா என்று பாருங்கள். மென்பொருளை வெளியிடுவோர் பலர் அதனுடன் ‘ஷா-256’ என்ற சரிபார்ப்புக் குறியையும் தருகிறார்கள். 64 எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறி, கோப்பின் விரல்ரேகை மாதிரி. ஒரு பிட் மாறினாலும் குறி வேறாகிவிடும். அதைக் கணக்கிட்டுத் தரும் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. உங்களிடமுள்ள குறியும் வெளியிட்ட குறியும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத கோப்புக்காக நச்சுநிரல் தடுப்பை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

பிழை வந்தால் அறிவியல் பாடத்தில் படித்த முறையைக் கையாளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். சேவையை நிறுத்துங்கள், மீண்டும் முயலுங்கள். சரியாகாவிட்டால் நிர்வாகி உரிமையைப் பாருங்கள், மீண்டும் முயலுங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், பிழை போனாலும் எதனால் போனது என்று தெரியாது. அடுத்த ஆண்டு உங்கள் இடத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஒன்றும் இருக்காது.

எண் 23 வந்தால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பத்தாவது முறை படிக்க முடிந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். வேறு விரலியில் புதிதாகப் பதிவிறக்குங்கள். தவறு வன்தட்டில் என்றால், அதிலுள்ள கடிதங்களை உடனே வெளியே எடுங்கள்.

நிறுவி முடித்ததும் உங்களுக்கு நீங்களே ஒரு கடிதம் அனுப்புங்கள். ஒரு படத்தையும் இணைத்து அனுப்புங்கள். வந்து சேர்ந்த படம் திறந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள்.

20 நிமிடத்தில் இவ்வளவும் முடியாது என்கிறீர்களா? உண்மைதான். அப்படியானால் எண்ணையும் கோப்பின் பெயரையும் எழுதிக்கொண்டு, ‘கைவிடு’ பொத்தானை அழுத்துங்கள். சேவையகத்தை நிறுத்தியே வைத்துவிட்டு, ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடியுங்கள். நாளை பிற்பகல் வரை கடிதங்கள் காத்திருக்கும்.